திருமலையா, மட்டக்களப்பா, கல்முனையா? குடியிருக்க இடம் தேடுவோரின் கேள்விகள்

இலங்கையின் கிழக்கு மாகாணத்துக்குள் வீடு மாறுவது, காணி வாங்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். (திருமலை என்பது திருகோணமலை.) ஒரே விடயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: நான் திருகோணமலை, மனைவி மட்டக்களப்பு. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 80 வயது. நீரிழிவு இருக்கிறது, சிறுநீரகமும் பாதிக்கத் தொடங்கிவிட்டது. கொழும்பை விட்டு எந்த ஊருக்குப் போகலாம்?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: அம்மாவின் கிளினிக் கொப்பியை முதலில் எடுத்து வையுங்கள். ஊரைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். மட்டக்களப்பில் இருப்பது போதனா வைத்தியசாலை. கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் பயிலும் இடம் என்பதால் விசேட வைத்தியர்களும் பிரிவுகளும் அங்கே கூட. திருகோணமலையில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. நீரிழிவுக் கிளினிக், பிரசவம், வழமையான சத்திரசிகிச்சை எல்லாவற்றுக்கும் அது போதும். நோய் சிக்கலானால் மட்டக்களப்பு, அநுராதபுரம், கண்டி என்று அனுப்புவார்கள். இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும் கட்டம் வந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்வர வேண்டியிருக்கும். ஆகவே வீடு பார்க்க முன்னர் இரண்டு வைத்தியசாலைகளிலும் மூன்று விடயம் கேளுங்கள்: சிறுநீரக விசேட வைத்தியர் நிரந்தரமாக இருக்கிறாரா, கிளினிக் எந்த நாளில், இரத்தச் சுத்திகரிப்புக்குக் காத்திருப்போர் எத்தனை பேர்.

போக்குவரத்தில் திருமலைக்குக் கொஞ்சம் வசதி கூட. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து 310க்கு மேல். புகையிரதப் பாதை கல்ஓயாச் சந்தியில் பிரிந்து ஒன்று கந்தளாய் ஊடாகத் திருமலைக்கும் மற்றது பொலன்னறுவை, வாழைச்சேனை ஊடாக மட்டக்களப்புக்கும் போகிறது. இரண்டிலும் யானைக் காட்டைக் கடக்க வேண்டும். ஹபரணை - கந்தளாய் வீதியில் இரவில் சொந்த வாகனம் ஓட்டுவதைத் தவிருங்கள். வவுனியா, யாழ்ப்பாணத்தில் உறவினர் இருந்தால் ஹொரவப்பொத்தானை வழியாகத் திருமலையிலிருந்து போவது சுலபம்.

காலநிலையை இரண்டு தடவை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மார்கழியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை. மட்டக்களப்பு நகரம் களப்புக்கும் கடலுக்கும் நடுவே தட்டையாகக் கிடக்கிறது. வாடை மழை விடாமல் பெய்து, மேற்கேயுள்ள குளங்களும் திறந்துவிடப்பட்டால், களப்பு நீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டப்பட வேண்டும். மணல் திட்டு அடைத்திருக்கும் வரை தாழ்ந்த வளவுகளில் தண்ணீர் நிற்கும். 2011 தை வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். திருமலை மேடும் குன்றுமான ஊர் என்பதால் மழைநீர் விரைவாக ஓடிவிடும். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும். முதியவர் படுக்கும் அறை மேற்குச் சுவரோடு இருந்தால் பின்னேரம் முழுக்க அவதிதான். உவர்மலைப் பக்கம் கடற்காற்று பிடிக்கும், ஆனால் ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு. 80 வயதுக்கு அது சரிவராது.

உங்கள் நிலைமைக்கு மட்டக்களப்பு என்பதே எங்கள் கருத்து. அம்மாவின் வருத்தம் மட்டும் இல்லையென்றால் திருமலையைச் சொல்லியிருப்போம்.

கேள்வி: கல்முனையிலிருந்து திருமலையிலுள்ள மாகாண சபைத் திணைக்களம் ஒன்றுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. நிலாவெளி வீதியில் குறைந்த வாடகைக்கு நல்ல வீடு இருக்கிறது. எடுக்கலாமா?
— வாசகி, பாண்டிருப்பு

பதில்: எந்த மாதத்தில் அந்த வாடகை சொன்னார்கள் என்று பாருங்கள். ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகள் குறைவு. வீடுகள் வெறுமையாகக் கிடக்கும், வாடகையும் இறங்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாகி, புறாத்தீவுக்குப் படகு ஓடத் தொடங்கினால் அதே வீட்டை நாள் வாடகைக்கு விட்டுப் பல மடங்கு உழைக்கலாம். அதனால்தான் சித்திரையில் "மகன் வருகிறார், வீட்டை விடுங்கள்" என்று கேட்கிறார்கள். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்புகளான பாலையூற்று, செல்வநாயகபுரம், அன்புவழிபுரம், லிங்கநகர் பக்கம் பார்ப்பது உத்தமம். மாகாண அலுவலகங்கள் பல வரோதயநகர், உவர்மலைப் பக்கம் என்பதால் போய்வரவும் கிட்ட.

எங்கே எடுத்தாலும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இல்லாவிட்டால் சட்டத்தில் வலுவில்லை. முத்திரை ஒட்டிய வெள்ளைத் தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்துவிட்டு ஒரு வருட முற்பணம் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு அது சாட்சியாகலாம், வீட்டில் இருக்கும் உரிமைக்கு ஆகாது. வெளியேற மூன்று மாத முன்னறிவித்தல் என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள்.

மின்மானி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூட விலை ஏறும் படிமுறையில் அறவிடப்படுகிறது. வீட்டுக்காரரோடு ஒரே மானியில் இருந்தால் இரண்டு குடும்பத்துப் பாவனையும் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும். நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பட்டியல் குறையாது. குடிபோகும் அன்று மானி வாசிப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலஸ்தோட்டத்திலும் மட்டக்களப்பு கல்லடியிலும் கடலுக்குக் கிட்ட ஒரே அளவு காணி, 20 பேர்ச்சஸ், விலைக்கு இருக்கிறது. எதை வாங்கலாம்?
— வாசகர், டுபாயிலிருந்து

பதில்: இரண்டும் மணல் தரை, இரண்டுக்கும் ஒரே ஆபத்து: கிணறு. கடலோர மணலுக்குள் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. மோட்டரைப் போட்டு மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால் அடியிலிருந்து உப்பு அந்த அளவுக்கு மேலே ஏறப் பார்க்கும். உவராகிப் போன கிணறு திரும்ப இனிக்கப் பல மாரி வேண்டும். ஆகவே ஆழக் குழாய்க் கிணறு அடிக்காதீர்கள். அகலமான, ஆழமில்லாத வளையக் கிணறு, அரைக் குதிரைவலு மோட்டர், காலையிலும் மாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேல்தாங்கிக்கு ஏற்றுதல்: இதுதான் வழி. பக்கத்து வளவில் விடுதி இருந்து இராப்பகலாக நீர் இழுத்தால் உங்கள் கவனம் மட்டும் போதாது. கல்லடி ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் களப்புமாக ஒடுங்கிய மணல் துண்டு. அங்கே இந்தத் தொல்லை கூட.

மாரியில் எந்தக் கிணறும் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் எடுத்த மாதிரியைத்தான் நம்பலாம். ஒரு மணி நேரம் இறைத்த பிறகு, அதே நீரால் மூன்று தடவை அலசிய போத்தலில் நிரப்பி, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் குளோரைட்டு, வன்மை (நீரின் கடினத்தன்மை), நைத்திரேற்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் (எஸ்.எல்.எஸ். 614) உச்ச அளவு லீற்றருக்குக் குளோரைட்டு 250 மில்லிகிராம், வன்மை 250, நைத்திரேற்று 50. நைத்திரேற்று கூடினால் பெரும்பாலும் மலசலகூடக் குழி கிட்ட இருக்கிறது என்று அர்த்தம். மணல் தரையில் கழிவுநீர் வடிகட்டப்படாமல் ஓடும் என்பதால் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது விடுங்கள். அயலவரின் குழியையும் அளந்து பாருங்கள். 20 பேர்ச்சஸ் காணியில் பிழைப்பது பெரும்பாலும் அதுதான்.

குழாய்நீர் இருந்தால் கவலை பாதியாகும். திருமலைக்குக் கந்தளாய்க் குளத்திலிருந்தும் மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்தும் நீர் வருகிறது. உங்கள் ஒழுங்கைக்குள் குழாய் வந்திருக்கிறதா என்பதையும் மேல்மாடித் தாங்கிக்கு அழுக்கம் போதுமா என்பதையும் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

அடுத்து அனுமதி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்பு, கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலுடன் இணைந்த ஆறு, களப்பு என்றால் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் வரை வலயம் உள்ளே நீளும். கரையிலிருந்து எவ்வளவு விலகிக் கட்ட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். காணித் தரகர் சொல்வதைக் கேட்காமல் நில அளவைப் படத்தோடு திணைக்களத்துக்கே போங்கள்.

கட்டும்போது கம்பிக்கு மேல் கொங்கிறீற்று மூடல் 50 மில்லிமீற்றர் இருக்கட்டும். கடல் மணல் கலந்தால் அதன் உப்பே கம்பியை உள்ளிருந்து தின்னும். துரு ஊதிக் கொங்கிறீற்றை வெடிக்க வைத்த பிறகு மேலால் பூசி மறைப்பதில் பயனில்லை. கூரை ஆணி, பிணைச்சல், வெளிக் கம்பி வேலை எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காத உருக்கு, இல்லையேல் உருகிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்த பூச்சு.

கேள்வி: கன்னியாப் பக்கம் ஒரு ஏக்கர் அரைவாசி விலைக்குத் தருகிறார்கள். "பேர்மிட் காணி, அற்றோணித் தத்துவம் எழுதித் தரலாம்" என்கிறார்கள்.
— வாசகர், திருக்கடலூர்

பதில்: வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி அரசுக்குச் சொந்தம். பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. அற்றோணித் தத்துவம் என்பது ஒருவர் தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்; அது விற்பனை உறுதி ஆகாது. கொடுத்தவர் இறந்தால் அதோடு அது முடிந்துவிடும். அவருடைய பின்னுரித்தாளர் வந்து காணியைக் கேட்டால் உங்கள் கையில் இருப்பது பணம் கொடுத்த கதை மட்டும்தான். வங்கியும் அதற்குக் கடன் தராது.

பத்திரத்தின் தலைப்பை நீங்களே வாசியுங்கள். அனுமதிப்பத்திரம் (பேர்மிட்) ஒன்று, அளிப்புப் பத்திரம் (கிராண்ட்) வேறு, தனியார் உறுதி வேறு. 2024இல் அரசு ஆரம்பித்த உறுமய காணி உரித்துத் திட்டத்தில் முழு உரித்துப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். தனியார் உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடி எடுப்பியுங்கள். இடம்பெயர்வுக் காலத்தில் ஒரே காணிக்கு இரண்டு உறுதி முடிந்த சம்பவங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. வேறொருவர் குடியிருக்கும் காணியைத் தொடாதீர்கள்: பத்து வருடம் குடியிருந்ததால் காணி தனக்கே உரிமை (ஆட்சியுரிமை) என்று அவர் வாதிடலாம். 1983 மே முதல் 2009 மே வரை ஆயுத நடவடிக்கைகளால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு பாதுகாப்புத் தர 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டது, ஆனால் அதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். சோலைவரி (உள்ளூராட்சி சபை அறவிடும் ஆதன வரி) பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் இரண்டையும் கேளுங்கள். நகரத்துக்கு வெளியே என்றால் வன இலாகா, தொல்லியல் திணைக்கள எல்லைக் கற்கள் அருகே இருக்கின்றனவா என்று கிராம உத்தியோகத்தரோடு நடந்து பாருங்கள்.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து தினமும் திருமலைக்கு வேலைக்குப் போய்வர முடியுமா?
— வாசகி, புத்தளம்

பதில்: தாராளமாக. 2009 ஐப்பசியில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பாதைப் படகுக்குக் காத்திருக்கும் கஷ்டம் இல்லை. ஆதார வைத்தியசாலை, பாடசாலைகள், கடைத்தெரு எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு. மூதூரிலிருந்தும் வரலாம், ஆனால் தூரம் கூட. மாலை வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது சுமை.

கேள்வி: கல்முனையில் வீடு கட்ட வயல் காணி வாங்கலாமா? அம்பாறை நகரம் நல்லதா?
— வாசகர், மருதமுனை

பதில்: கல்முனையில் கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலுள்ள துண்டில் நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள், அதனால்தான் வயல் பக்கம் கண் போகிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை அனுமதியின்றி நிரப்ப முடியாது. நிரப்பினாலும் மாரியில் வெள்ளம் அந்த வழியாகத்தான் வடிய வேண்டும், அது உங்கள் முற்றத்தில் நிற்கும். அம்பாறை நகரம் கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்தது, வீதிகள் அகலம், நெருக்கம் குறைவு. தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்கு நீங்கள் திரும்பவும் கரையோரத்துக்கே வர வேண்டியிருக்கும். புகையிரதம் இரண்டு ஊருக்கும் இல்லை; மட்டக்களப்போடு பாதை முடிகிறது.

கேள்வி: மகளை முதலாம் தரத்தில் திருமலை நகரப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். கன்னியாவிலிருந்து நகரத்துக்கு மாறினால் போதுமா?
— வாசகி, கன்னியா

பதில்: மாறுவது மட்டும் போதாது, எப்போது மாறினீர்கள் என்பதும் கணக்கு. கல்வி அமைச்சின் அண்மைக் காலச் சுற்றறிக்கைகளில் அனுமதியில் 50 வீதம் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கும் 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் 15 வீதம் அங்கே படிப்போரின் சகோதரருக்கும் ஒதுக்கப்படுகின்றன. வதிவிடப் புள்ளியில் பெற்றோர் இருவரின் ஐந்து வருட வாக்காளர் பதிவு பெரிய பங்கு. உறுதி அல்லது நொத்தாரிசு குத்தகை, மின், நீர்ப் பட்டியல்கள் மீதியைத் தரும். வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு ஆரம்பப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். தூரம் நேர்கோட்டில் அளக்கப்படும், வீதி வழியாக அல்ல. ஆகவே வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து வட்டம் போட்டு உள்ளே எத்தனை பாடசாலை விழுகிறது என்று எண்ணிய பிறகு வீட்டைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளைக்கு இப்போது ஒரு வயது என்றால் நேரம் இருக்கிறது. நான்கு வயது என்றால் வீடு மாறுவதை விட, நீங்களோ கணவரோ படித்த பாடசாலையில் பழைய மாணவர் பிரிவில் விண்ணப்பிப்பதே பலன் தரும். அதற்குப் பாடசாலை விடுகைப் பத்திரத்தை இப்போதே தேடி எடுங்கள்.