குளக்கரை வாத்துக்குக் காய்ந்த தரை வேண்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாத்தைப் பற்றியவை. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கொல்லைக் குளத்தை நம்பிப் பல ஆண்டுகளாக வாத்து வளர்த்துவரும் நம் வாசகி பதில் சொல்கிறார்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் பத்து சென்ட் குளம் இருக்கிறது. எட்டு வாத்து வாங்கலாம் என்று ஆசை. "வாத்து தண்ணீர்ப் பறவைதானே, அதற்கு எதற்குக் கொட்டில்? ராத்திரி குளத்திலேயே கிடக்கட்டும்" என்கிறார் என் மாமனார். சரியா அக்கா?
*– வாசகி, வலங்கைமான்*

உங்கள் மாமனார் தை, மாசியில் அறுவடை வயலில் மேயும் வாத்துக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அந்த மேய்ச்சல்காரர்களைச் சாயங்காலம் போய்ப் பாருங்கள் தங்கச்சி. பொழுது சாய்ந்ததும் அத்தனை வாத்தையும் மேடான திடலுக்கு ஓட்டி, சுற்றி வலை கட்டி, காவலுக்கு ஆளும் நாயும் படுத்திருக்கும். நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்களே ராத்திரியில் தண்ணீரை நம்புவதில்லை. வாத்துக்குக் குளம் பகலுக்குத்தான். இரவுக்குக் காய்ந்த தரை வேண்டும். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒன்றை விட்டதால் வந்தவை.

கோழி கிளையில் ஏறி உட்கார்ந்துவிடும். வாத்து தரையில்தான் படுக்கும், அதன் எச்சமோ தண்ணீராகவே இருக்கும். ஈரத் தரையில் படுத்தால் பாதம் வெடித்துப் புண்ணாகும், நெஞ்சு இறகு நைந்துபோகும். நம் ஊர்க் களிமண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஐப்பசியில் வாங்கிய தண்ணீரைத் தையில்தான் விடும். அதனால் கரையை ஒட்டிக் கட்டாதீர்கள். இருபது, முப்பது அடி தள்ளி, ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அடித்துத் திட்டாக்கி, மேலே மணல் கொட்டுங்கள். கார்த்திகை மழையில் குளம் எதுவரை ஏறுகிறது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த விஷயத்தில் உங்கள் மாமனார் பேச்சைக் கேளுங்கள்.

ஒரு வாத்துக்கு ராத்திரி படுக்க மூன்றிலிருந்து நான்கு சதுர அடி போதும். எட்டுக்கு ஐந்தடிக்கு ஆறடி. உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள். குனிந்து நுழைய வேண்டிய கொட்டிலை யாரும் தினமும் கூட்டுவதில்லை. கூரைக்குத் தென்னங்கீற்று நல்லது. 2018 கஜா புயலைப் பார்த்தவர்கள் நாம், நான்கு மூலையையும் கம்பி போட்டு இழுத்துக் கட்டிவிடுங்கள். நமக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். வடக்கிலும் கிழக்கிலும் படல் வைத்து அடைத்து, தென்புறத்தைக் காற்றுக்கு விடுங்கள்.

சுவரில் கீழ் இரண்டடி செங்கல், அதற்கு மேல் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை. பெரிய கண் வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியை வெளியே வைக்காது. தரையோடு ஒட்டி ஒரு முழம் ஆழத்துக்குக் கல் புதையுங்கள். நரியும் பெருச்சாளியும் அடியில் தோண்டித்தான் வரும். முட்டைக்கு வரும் பாம்பையும் அந்தச் சின்னக் கண் வலை ஓரளவு தடுக்கும்.

தரையில் நான்கு விரல் உயரத்துக்கு உமி பரப்புங்கள். தினமும் கிளறி, நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டுப் புது உமி தூவினால் போதும். மழையில் நனைந்து முடைநாற்றம் அடிக்கும் வைக்கோலை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போடாதீர்கள். அந்தப் பூஞ்சணம் நுரையீரலைப் பிடித்துக்கொண்டால் வாத்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியே சாகும்.

வாசலில் படி வேண்டாம், சரிவு போடுங்கள். அகலமாகவும் இருக்கட்டும். கதவைத் திறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வரும். வாத்தின் உடம்பில் பலவீனமான இடம் கால்தான். கோழியைத் தூக்குவதுபோலக் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்க வேண்டும்.

முதல் ஒரு வாரம் வெளியே விடாமல் அங்கேயே வைத்து இரை போடுங்கள். அப்புறம் பாருங்கள், சாயங்காலம் நொய்ச் சட்டியைத் தட்டினால் குளத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வரிசை பிடித்து வரும். காலையில் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். வாத்து பெரும்பாலும் விடியற்காலையிலிருந்து ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். ஆறு மணிக்கே திறந்தால் முட்டை குளத்துச் சேற்றுக்குப் போகும். மூன்று வாத்துக்கு ஒன்று என்று வைக்கோல் போட்ட பெட்டி வையுங்கள். அகலம் ஓரடி, ஆழம் ஒன்றரை அடி.

உள்ளே இரை வைத்தால் கூடவே தண்ணீரும் வேண்டும், இல்லாவிட்டால் விக்கிக்கொள்ளும். நான் அடைப்பதற்கு முன்பே இரண்டையும் முடித்துவிடுவேன். கோடையில் மட்டும் தண்ணீர் வைப்பேன், அதுவும் சிந்துவது வெளியே வடியும்படி ஓரத்தில் கம்பிவலை மேடை போட்டு. பாத்திரம் ஐந்தாறு அங்குல ஆழம் இருக்க வேண்டும். வாத்து தலையை முழுக்க முக்கி மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும். அது முடியாவிட்டால் கண் பீளை கட்டி ஒட்டிக்கொள்ளும்.

கட்லா, ரோகு, மிருகால் விட்ட குளம். வாத்து மீனைத் தின்றுவிடாதா? எத்தனை வாத்து விடலாம்?
*– வாசகர், திருத்துறைப்பூண்டி*

விரல் நீளத்துக்குக் குறைந்த குஞ்சை நிச்சயம் தின்னும். பத்து சென்டிமீட்டர் வளர்ந்த மீன்குஞ்சாகப் பார்த்து விடுங்கள். வாத்தின் எச்சம் தண்ணீரில் நுண்ணுயிர்களை வளர்க்கும், அது மீனுக்குத் தீனி. ஒரு ஹெக்டேருக்கு 200 முதல் 300 வாத்து என்பது கணக்கு. நம் கொல்லைக் குளத்துக்கு, சென்ட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆடியில் நிறைந்து கிடக்கும் குளத்தைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறதோ, அதுதான் உங்கள் குளம். தண்ணீர் கரும்பச்சையாகி, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் எச்சம் அதிகமாகிவிட்டது என்று பொருள். அன்றே வாத்தைக் குளத்தில் விடாமல் அடைத்துவைத்துப் புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

போன சித்திரையில், குளம் வற்றிக் கிடந்தபோது, என் வாத்துகள் கழுத்தைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டு ஒவ்வொன்றாகச் செத்தன. பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று நினைத்தோம். பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று.
*– வாசகர், மன்னார்குடி அருகே*

இதைப் படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது தம்பி. வாத்தும் போய், உறவும் போயிருக்கிறது. நான் உங்கள் குளத்தைப் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் எனக்கு உறைக்கிறது: சித்திரை மாதம், வற்றிய குளம், தொங்கிய கழுத்து.

தண்ணீர் குறைந்து சூடேறும்போது செத்த மீனும் ஆகாயத்தாமரையும் சேற்றில் அழுகும். காற்றுப் படாத அந்த அழுகலில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை ஒரு நுண்ணுயிர் உண்டாக்கும். செத்த மீனில் நெளியும் புழு அந்த நஞ்சைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கும். வாத்துக்குப் புழு என்றால் உயிர். நாலைந்து புழுவே போதும். முதலில் கால் இழுக்கும், பிறகு இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்து. தண்ணீரில் இருந்தால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கியே போகும். செத்ததை அகற்றாவிட்டால் அதில் புழு வைத்து அடுத்த வாத்தைக் கொல்லும். ஒவ்வொன்றாகச் செத்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

வயலுக்குத் தூவும் குருணை மருந்தைத் தின்றாலும் வாத்து சாகும். அதில் நடுக்கமும் வலிப்பும் வாயில் எச்சில் ஒழுகுவதும் இருக்கும், பெரும்பாலும் சீக்கிரமே முடிந்துவிடும். எது என்பதைக் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இனி ஒன்று செத்தால் புதைக்கும் முன் யாரிடமாவது காட்டிவிடுங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

அடுத்த கோடையில் பங்குனி பிறந்ததும் குளத்துக்கு வலை கட்டி வாத்தைத் தடுங்கள். செத்த மீனைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். நிழலில் ஒரு சிமெண்ட் தொட்டி போதும், அந்த இரண்டு மாதமும் வாத்துக்கு ஒரு குறையும் வராது. கழுத்து தளர்ந்த வாத்தை நிழலில் வைத்து, நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விட்டுக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் சில பிழைக்கும். செத்ததைச் சமைக்கவே கூடாது.

பொரித்து வந்த குஞ்சைக் குளத்தில் விட்டோம். நனைந்து நடுங்கி இரண்டு இறந்துவிட்டன. வாத்துக் குஞ்சுக்கு நீந்தத் தெரியாதா?
*– வாசகி, குடவாசல்*

நீந்தத் தெரியும், நனையாமல் இருக்கத் தெரியாது. வால் தொடங்கும் இடத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி சின்ன வயதில் சரியாக வேலை செய்யாது. தாய் வாத்தோடு இருக்கும் குஞ்சு அதன் இறகெண்ணெயைத் தடவிக்கொள்ளும். பொரிப்பான் குஞ்சுக்கும், கோழி அடைகாத்த குஞ்சுக்கும் அது கிடையாது. நான்கு வாரம் வரை பஞ்சாரத்திலும் பல்பு வெளிச்சத்திலுமாக வளர்த்து, அப்புறம் வெயில் ஏறிய நேரத்தில் விடுங்கள்.

கடலைப் புண்ணாக்கு நிறைய இருக்கிறது. கொடுக்கலாமா?
*– வாசகர், பட்டுக்கோட்டை*

நேற்று ஆட்டியது என்றால் கொஞ்சம் கொடுக்கலாம். மழைக்காலம் முழுக்க மூட்டையில் கிடந்தது என்றால் வேண்டவே வேண்டாம். கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வரும் பூஞ்சண நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. ஈரல் கெட்டுவிடும், குஞ்சென்றால் கூண்டோடு போய்விடும். தவிடும் நொய்யும் பிசைந்து ஈரமாகக் கொடுங்கள். உலர்ந்த மாவை விழுங்க அதற்குக் கஷ்டம். மீதிக்கு நத்தையும் பூச்சியும் அசோலாவும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வாத்து விட்டதிலிருந்து குளத்தில் குளித்தால் உடம்பு அரிக்கிறது. வாத்துதான் காரணமா?
*– வாசகி, சீர்காழி*

இருக்கலாம். பறவைகளின் ரத்தத்தில் வாழும் ஒருவகைப் புழுவின் முட்டை எச்சத்தோடு தண்ணீருக்கு வந்து, நத்தைக்குள் வளர்ந்து, மறுபடி வாத்தைத் தேடி நீந்தும். வழியில் மனிதத் தோல் பட்டால் அதற்குள் நுழைந்து அங்கேயே செத்துவிடும். அந்த இடம்தான் தடித்து அரிக்கிறது. மாட்டுக்கு வரும் புழுவாலும் இப்படி ஆவதுண்டு. குளித்தெழுந்ததும் உடனே துணியால் அழுத்தித் துடையுங்கள். முடிந்தால் படித்துறைப் பக்கத்தை வலையால் பிரித்து வாத்தை எதிர்க்கரைக்கு விடுங்கள். குழந்தைகளை நத்தை நிறைந்த ஓரத்தில் இறக்காதீர்கள்.

வீட்டு வாத்துக்கும் தடுப்பூசி வேண்டுமா?
*– வாசகர், நன்னிலம்*

கட்டாயம் வேண்டும். வாத்துக் காலரா, வாத்து பிளேக் இரண்டுக்கும் ஊசி உண்டு. முதலாவதை மூன்று, நான்கு வார வயதிலும் அடுத்ததை இரண்டு, மூன்று மாத வயதிலும் போடுவார்கள். உங்கள் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பறவைக் காய்ச்சல் வேறு. 2014-இல் ஆலப்புழையில் வாத்துகள் கூட்டமாகச் செத்தது நினைவிருக்கும். வாத்து நோய் வெளியே தெரியாமலும் அந்தக் கிருமியைச் சுமக்கும். அதனால் கோழியையும் வாத்தையும் ஒரே கொட்டிலில் அடைக்காதீர்கள், மேய்ச்சல் கூட்டம் இறங்கிய வயலுக்கு உங்கள் வாத்தை ஓட்டாதீர்கள். இரண்டு மூன்று ஒரே நாளில் விழுந்தால் வெறுங்கையால் தொடாமல் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.