11 வருடப் பழைய பைக்: இன்ஜின் வேலை பார்ப்பதா, புது வண்டி எடுப்பதா?

கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான்: 100 சிசி வண்டி, 11 வருடம் ஓடியது. சைலன்சரில் நீலப்புகை. மைலேஜ் 60-லிருந்து 45-க்கு இறங்கிவிட்டது. மெக்கானிக் இன்ஜின் வேலைக்கு 9,000 கேட்கிறார். வீட்டிலோ, "இதுக்குப் போய் இவ்வளவு செலவா? பேசாம 150 ஒண்ணு எடு" என்கிறார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. தூத்துக்குடியில் ஒரு மொத்த மருந்துக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் வேலை. 2010 பிப்ரவரியில் எடுத்த 100 சிசி வண்டியை 2024 நவம்பர் வரை ஓட்டினேன். வாரத்தில் மூன்று நாள் திருச்செந்தூர் ரோடு; போக 40, வர 40 கிலோமீட்டர். அந்த ரோட்டில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், முள்ளக்காடு தாண்டினாலே உப்பளக் காற்று. வண்டிக் கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி ரசிகர்களும் எதிர்க் கம்பெனி ரசிகர்களும் விஷயத்தை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

வண்டியை மாற்றிவிடலாம் என்று மூன்று முறை நினைத்தேன். மூன்றாவது முறைதான் மாற்றினேன்.

முதல் முறை 2017 மார்ச் கடைசி. இப்போது உங்களுக்கு உள்ள அதே நிலைமை எனக்கு. நீலப்புகை, ஆயில் ஊற்ற ஊற்றக் குறைகிறது, மெக்கானிக் அண்ணாச்சி 5,500 ஆகும் என்று சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பிஎஸ்3 (பழைய புகை விதிப்படி செய்த) வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கையிருப்பை இரண்டே நாளில் தள்ளிவிட ஷோரூம்கள் பத்தாயிரம், இருபதாயிரம் என்று விலையைக் குறைத்தன. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போய் நின்றேன். உள்ளே நுழைய ஒரு மணி நேரம். நுழைந்தபோது நான் நினைத்துப் போன வண்டி தீர்ந்துவிட்டது; பிங்க் நிற ஸ்கூட்டர் இரண்டு நின்றன. எனக்கு முன்னால் நின்றவர் அதில் ஒன்றை எடுத்துவிட்டார்! ஸ்கூட்டர் வாங்க வந்த ஆள் இல்லை அவர்.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியிருந்தது தள்ளுபடி, வண்டி இல்லை. நேராக அண்ணாச்சி பட்டறைக்குப் போனேன். சிலிண்டரை லேத்தில் போர் பண்ணி (தேய்ந்த உள்சுவரைச் சமமாகக் கடைந்து), அதற்கேற்ற 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் செட், வால்வ் சீல், டைமிங் செயின் எல்லாம் மாற்றினார். அந்த வேலைக்குப் பிறகு இன்ஜின் ஏழு வருடம் ஓடியது. 2025 செப்டம்பர் 22-இல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோதும் என் நண்பர்கள் பலருக்கு அதே காய்ச்சல் வந்தது. விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் உங்கள் பழைய வண்டி எப்படி இருக்கிறது என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கணக்கையும் இங்கேயே போட்டுவிடுவோம். 80,000 கடன், 24 மாதம், ஃபிளாட் வட்டி (கடைசிவரை முழுக் கடனுக்கும் போடுவது) 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை மாதம் 4,067 வரும். ஃபிளாட் 11 என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்விடும். இதை எந்த ஷோரூமிலும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஆக, உங்கள் மெக்கானிக் கேட்கிற 9,000 என்பது இரண்டேகால் தவணை. மைலேஜ் குறைந்த நஷ்டமா? மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 45-இல் 22 லிட்டர், 60-இல் 17 லிட்டர். வித்தியாசம் ஐந்தரை லிட்டர், அறுநூறு ரூபாய்கூட இல்லை. அறுநூறை மிச்சம் பிடிக்க நாலாயிரம் கட்டுவது எந்த ஊர்க் கணக்கு? அதுவும் 150-க்குப் போனால் மைலேஜ் மறுபடி 45-இல் வந்துதான் நிற்கும்.

இரண்டாம் முறை, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது; வண்டியின் ஹேண்டில் பார் மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி தன் வண்டியை ஆசையாக செல்ஃப் அடித்தான். கடக் என்று ஒரு சத்தம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். அவனுக்கு வளைந்துவிட்டது.

நான் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மிதித்தார். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அடியில் டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் வந்தது ஆயிலே இல்லை, டீக்கடைப் பால் டீ. அதே நிறம், அதே கெட்டி. மலிவான ஆயில் ஊற்றி ஓடவிட்டு வடித்து, மறுபடி ஊற்றி வடித்து, மூன்றாம் முறைதான் நல்ல ஆயில் ஊற்றினார். வீல் பேரிங், பிரேக் ஷூ, கார்புரேட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 4,800. நான் வைத்திருந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும், வருடத்துக்கு 714-உம் வரியும். அதில் வெள்ளச் சேதத்துக்குக் காலணா கிடைக்காது. தப்பு என்னுடையதுதான்.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடு" என்று எல்லோரும் சொன்னார்கள். வண்டி ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது, நான் கேட்கவில்லை. இன்ஜின் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று நானும் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை 2024 நவம்பர். சென்டர் ஸ்டாண்ட் போட்டால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, புஷ் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள் என்று கொண்டுபோய் விட்டேன். அண்ணாச்சி கீழே உட்கார்ந்து பார்த்தார். சுத்தியலால் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) குழாயில் ஒரு தட்டு. டங் என்று வரவேண்டிய இடத்தில் டப் என்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பெயின்ட் இருக்கிறது, உள்ளே இரும்பு இல்லை. ஓட்டையிலிருந்து செங்கல்பொடி மாதிரி துரு அவர் உள்ளங்கையில் கொட்டியது.

"தம்பி, இன்ஜின எத்தன தடவ வேணும்னாலும் பிரிச்சுப் பூட்டித் தாரேன். இதுக்கு நான் என்ன செய்ய? வெல்டு வச்சுத் தாரேன்னு எவனாவது சொல்லுவான். சரின்னு போயிராதீய."

வெள்ளத் தண்ணீர் குழாய்க்குள் போய்த் தங்கி, பதினோரு மாதமாக உள்ளிருந்தே தின்றிருக்கிறது என்றார். அதற்கு முன்னால் பதினான்கு வருட உப்புக்காற்று வேறு. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வண்டியில் மனைவியையும் மகளையும் வைத்துக்கொண்டு திருச்செந்தூர் கோயிலுக்குப் போய் வந்திருந்தேன். (மூன்று பேர் போனது தப்பு. தெரியும். திட்டிக்கொள்ளுங்கள்.)

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியது முழுக்க இன்ஜினைப் பற்றித்தான் இருக்கிறது. இன்ஜின் போனால் பணத்தோடு போகும். சேஸிஸோ பிரேக்கோ போனால் அப்படி இல்லை. அதனால் 9,000 கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். சீட்டையும் இரண்டு பக்க மூடியையும் கழற்றச் சொல்லுங்கள். ஹேண்டில் பொருந்தியிருக்கிற கழுத்து வெல்டு, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்ம் போல்ட் மாட்டியிருக்கிற இடம், சென்டர் ஸ்டாண்ட் மாட்டியிருக்கிற இடம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். மேலோட்டத் துரு என்றால் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். குழி விழுந்திருந்தால் யோசிக்க வேண்டும். பிறகு வண்டியைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் விட்டு, காய்ந்த தரையில் நேராகப் பத்தடி உருட்டிக்கொண்டு போங்கள். பின்சக்கர ஈரத்தடம் முன்சக்கரத் தடத்தின் மேலேயே விழ வேண்டும். விலகி விழுந்தால் செயின் இறுக்கும்போது சக்கரத்தைக் கோணலாக வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் விலகினால், வண்டி எங்கேயோ அடிபட்டு வளைந்திருக்கிறது.

இதில் தேறினால் தாராளமாக இன்ஜின் வேலை பாருங்கள். ஆர்சி 15 வருடத்துக்கு. உங்களுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது; 9,000-த்தை அந்த நாலு வருடத்தால் வகுத்துக்கொள்ளலாம். 15 முடிந்தபின் எஃப்சி (தகுதிச் சான்று), பசுமை வரி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று அலைச்சல் ஆரம்பிக்கும். புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ஆகிவிட்டது. பதினான்காவது வருடத்தில் பெரிய செலவு வந்தால் நான் செய்ய மாட்டேன், பதினொன்றில் செய்வேன். ஒன்று மட்டும்: உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) தாங்குகிற ரப்பரோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலில்தான். வேலை பார்க்கும்போதே பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர்களைப் புதிதாகப் போடச் சொல்லிவிடுங்கள். பெரிய காசு இல்லை.

தேறவில்லையா, மாற்றுங்கள். ஆனால் 150 வேண்டுமா என்பது தனிக் கேள்வி. நானும் ஆசைப்பட்டேன். கூட வேலை பார்க்கிறவரின் வண்டியை ஒருநாள் கடன் வாங்கி, மருந்துப் பையும் மாட்டி, திரும்பும்போது மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. அவள் இறங்கியதும் சொன்னது: "பின்னாடி சீட்டா இது, பரண் மேல ஒக்காந்த மாதிரி இருக்கு. அத்தைய எப்படி ஏத்துவீங்க?" அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வண்டியில்தான் கூட்டிப்போகிறேன். ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. கடைசியில் முன் டிஸ்க் உள்ள 125 எடுத்தேன். விலை ஒரு லட்சத்தைத் தாண்டினால் நம் மாநிலத்தில் ஆயுள் வரி 10-லிருந்து 12 சதவீதமாகிறது, அதுவும் மிச்சம்.

என் பார்வையில் 125-ஐத் தாண்ட ஒரே நியாயமான காரணம் பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம்; அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கிற சிபிஎஸ் இருந்தால் போதும் என்று அப்போது விட்டுவிட்டார்கள். தினமும் மழையிலும் இரவிலும் நான்குவழிச் சாலையில் போகிறவர் என்றால் கடன்பட்டாவது ஏபிஎஸ் வண்டி எடுங்கள். ஊருக்குள் ஓட்ட, கெத்துக்கு என்றால் உங்கள் இஷ்டம். ஆனால் கெத்து என்று ஒத்துக்கொண்டு வாங்குங்கள், மைலேஜ், மெயின்டனன்ஸ் என்று காரணம் தேடாதீர்கள்.

பழைய வண்டியைத் தள்ளும்போதும் கவனம். என்னுடையதை ஓட்டுவதற்கு யாருக்கும் விற்க மனம் வரவில்லை. கார்புரேட்டரையும் ஹெட்டையும் அண்ணாச்சி எடுத்துக்கொண்டார், மீதியை எடைக்குப் போட்டேன். காயலான் கடை என்ற பேரே எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்பார்கள். போடும் முன் சேஸிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ஆர்சியை ரத்து செய்தேன். ஓடுகிற வண்டியை விற்பதாக இருந்தால் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டையும் நீங்களே அலுவலகத்தில் போய்க் கொடுத்துவிடுங்கள். என் மச்சினர் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். எட்டு மாதம் கழித்து அவர் காலே வைக்காத ஊரிலிருந்து ஹெல்மெட் போடாததற்கு அபராதக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்தது. வண்டி கைமாறி கைமாறி எங்கேயோ ஓடுகிறது, பெயர் மட்டும் இன்னும் அவருடையது.

இன்ஜின் வேலை என்று முடிவெடுத்தால், என்னென்ன சாமான் மாற்றப்போகிறார் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிங்கை மட்டும் போட்டுவிட்டு போர் பண்ணியதாகச் சொல்கிறவர்கள் உண்டு. கழற்றிய பிஸ்டனை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். 2017-இல் கழற்றிய என்னுடையது மேசைமேல் இருக்கிறது, கவிழ்த்து வைத்தால் ஆர்டர் சீட்டு பறக்காது.