2024 ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டினால் தரவுத்தளம் ஏன் பிப்ரவரி 29 தருகிறது?

'ஒரு மாதம்' என்பது நாட்களின் எண்ணிக்கை அல்ல. மாதங்களுக்கு 28 முதல் 31 நாள் வரை நீளம் மாறுவதால், அதை நிலையான நாட்களாக மாற்ற வழியில்லை. அதனால் தரவுத்தளம் மாத எண்ணை மட்டும் ஒன்று கூட்டி, அதே தேதியைத் தேடுகிறது. இல்லாவிட்டால் அந்த மாதத்தின் கடைசி நாளில் நிற்கிறது.

மாதக் காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கூட்டுவது கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் போவது. ஒரு மாதம் கூட்டுவது தாளைப் புரட்டி அதே எண்ணுள்ள கட்டத்தில் விரலை வைப்பது. 2024 ஜனவரி 31 உடன் 30 நாள் கூட்டினால் மார்ச் 1. ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29.

உண்மையான சிக்கல் தவணைத் தேதிகளில்தான் வரும். முந்தைய தவணையோடு ஒவ்வொரு மாதமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஜனவரி 31, பிப்ரவரி 29, மார்ச் 29 என்று தேதி நழுவிவிடும். பிறகு 31க்குத் திரும்பவே திரும்பாது. எப்போதும் தொடக்கத் தேதியிலிருந்தே கணக்கிடுங்கள்: ஜனவரி 31 உடன் இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31 சரியாக வரும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும் இப்படித்தான் நடக்கும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் மாதம் கூட்டும் 'ஆட் மந்த்ஸ்' (ADD_MONTHS) கட்டளை வேறு: மாதக் கடைசி நாளைக் கொடுத்தால் மாதக் கடைசியையே தரும், பிப்ரவரி 29 அங்கே மார்ச் 31 ஆகும்.

கூட்டிய மாதத்தைக் கழித்தால் பழைய தேதி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் போஸ்ட்கிரெஸில் பிப்ரவரி 29இலிருந்து ஒரு மாதம் கழித்தால் வருவது ஜனவரி 29, 31 அல்ல.