மலையேற்ற பூட்ஸ்: இறக்கத்தில்தான் அளவு தெரியும்

கேள்வி: கடையில் கச்சிதமாக இருந்த பூட்ஸ், மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு பெருவிரல் நகங்களையும் கறுக்க வைத்துவிட்டது. அடுத்த ஜோடியை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கிறது. இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி, அடிக்கு அடி விரல் பூட்ஸின் முனையில் இடித்திருக்கிறது. நீளம் போதாமல் இருந்திருக்கும். அல்லது கணுக்கால் பகுதியில் பிடிப்பு இல்லாமல் இருந்திருக்கும். சமதளத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே தெரியாது.

மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்; மலையிலும் அப்படித்தான் இருக்கும். நடக்கும்போது போடப்போகும் கம்பளி சாக்ஸையே எடுத்துச் செல்லுங்கள். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கே அளவு பாருங்கள்.

முதலில் பூட்ஸின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் மிஞ்ச வேண்டும். பாதம் பக்கவாட்டில் வழியக் கூடாது. பிறகு கயிறு கட்டாமல் பூட்ஸைப் போட்டு, விரல்கள் முனையைத் தொடும்வரை காலை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் நீளம் சரி.

இனிதான் முக்கியமான சோதனை. கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு சரிவுப்பலகையில் இறங்குங்கள். அது இல்லாவிட்டால் படிக்கட்டு போதும். வேகமாக இறங்கி, சட்டென்று நில்லுங்கள். விரல் முனையில் லேசாக இடித்தாலும் அந்த ஜோடி வேண்டாம். "போடப் போட இளகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ஏறும்போது குதிகால் தூக்கினால், கணுக்கால் வளையும் இடத்தில் கயிற்றை இரண்டு முறை முறுக்கி இறுக்கிப் பாருங்கள். அப்போதும் தூக்கினால் அந்த வடிவம் உங்கள் காலுக்கானது அல்ல.

பூட்ஸைக் கையில் பிடித்து வளையுங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் கரடுமுரடான பாதைக்கு ஆகாது. பூட்ஸின் உள்பக்கத்தில் வரும் நீர் புகாத உறையை நான் பெரிதாக எண்ணுவதில்லை. மழைக்கு நல்லதுதான், ஆனால் உள்ளே நனைந்துவிட்டால் எளிதில் காயாது.

வாங்கியதும் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். அடிப்பாகம் அழுக்காகாமல் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள்.