பழைய வீட்டுக்குப் பழுதுபார்ப்பு மானியம் உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

மயிலாப்பூரில் உள்ள எங்கள் வீடு தாத்தா கட்டியது. நூறு வயதை நெருங்குகிறது. இங்கிலாந்தில் இருக்கும் மகன், "இங்கே பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க உள்ளூர் கவுன்சிலே பணம் தருகிறது, நம்ம கார்ப்பரேஷன்ல கேட்டுப் பாருங்கப்பா" என்கிறான். கிடைக்குமா?
– வாசகர், மயிலாப்பூர்

கிடைக்காது. தனியார் வீட்டுக்காரர் மனுப் போட்டு வாங்கும்படியான பழுதுபார்ப்பு மானியம் சென்னை மாநகராட்சியிடம் இல்லை. பாரம்பரியக் கட்டடம் என்று மாநகராட்சி செலவழிப்பதெல்லாம் ரிப்பன் மாளிகை, விக்டோரியா அரங்கம் போன்ற தன் சொந்தக் கட்டடங்களுக்குத்தான். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) உள்ள பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு வரைபடத்தைப் பார்க்கும், கருத்துச் சொல்லும், காசு தராது. "மானியம் வாங்கித் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மகன் சொல்வதும் தப்பில்லை. பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கட்டடங்களுக்கென இங்கிலாந்தில் 1990இல் வந்த சட்டம், உள்ளூர் கவுன்சில்கள் பழுதுக்கு மானியமோ கடனோ தரலாம் என்கிறது. 'தரலாம்' என்று இருப்பதால், பட்ஜெட் இறுகும்போது முதலில் கைவைப்பது இதில்தான். பல கவுன்சில்களில் இன்று இந்தத் திட்டமே கிடையாது. இருக்கும் இடத்திலும் செலவில் ஒரு பங்குதான் வரும். நிபந்தனைகளும் கறார். ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் வேலையை ஆரம்பித்தால் மானியம் போச்சு. கூரை, சுவர், ஜன்னல் மாதிரி கட்டடத்தின் உயிர்நாடியான பழுதுக்கே பணம். பெயின்ட் அடிப்பதும் பாத்ரூம் மாற்றுவதும் சேராது. இரண்டு மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். பழைய பொருளுக்குப் பழைய பொருளே போட வேண்டும். வேலை முடிந்து, அதிகாரி பார்த்து, ரசீது கொடுத்த பிறகே பணம் வரும். மூன்று ஆண்டுக்குள் வீட்டை விற்றால் கவுன்சில் திரும்பக் கேட்கலாம்.

நம் பக்கம் இதற்கு நெருங்கி வந்தது புதுச்சேரி வைசியாள் வீதி. ஆசிய நகரங்களுக்கென ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் மேற்பார்வையில், அங்கே தமிழர் வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தார்கள். செலவைத் திட்டமும் வீட்டுக்காரர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். 2008இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒன்றிலாவது இதைச் செய்து பார்த்திருக்கலாம். யாரும் செய்யவில்லை.

பழுதுபார்க்க என்ஜினீயர் தந்த எஸ்டிமேட்டில், "முழு ரிப்பேர், மொத்தம் 14 லட்சம்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, புரசைவாக்கம்

வேண்டாம்மா. மானியம் இல்லாவிட்டாலும், மானியத்துக்கு விண்ணப்பிப்பதாகவே நினைத்து எஸ்டிமேட் வாங்குங்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் காசைக் காப்பாற்றும். ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: "தெற்குச் சுவர், வெளிப்புறம், தரையிலிருந்து 4 அடி உயரம், 22 அடி நீளம், 88 சதுர அடி. சிமென்ட் பூச்சைச் சுத்தியல், உளியால் மட்டும் கொத்தி எடுத்தல். இணைப்புக் காரையை முக்கால் அங்குல ஆழம் சுரண்டிச் சுண்ணாம்புக் காரை நிரப்புதல். அரை அங்குலக் கனத்தில் சுண்ணாம்புப் பூச்சு." இதற்கு ஒரு விலை. இடிபாடு அகற்ற, சாரம் கட்ட, தனித்தனி விலை. இதே தாளை இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்தால்தான் யார் எதில் ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். ஒற்றை வரி எஸ்டிமேட்டுகளை ஒப்பிடவே முடியாது.

பழைய வீட்டில் பூச்சை உரித்த பிறகுதான் பாதி பழுது தெரியும். ஆகவே மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு என்று ஒதுக்கி, அதை எடுக்கும் அதிகாரத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன் ஒவ்வொரு பழுதையும் பக்கத்தில் அளவு டேப் தெரியும்படி படம் எடுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். உடையாவிட்டால் அது பழைய விரிசல், அடைத்தால் போதும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் லட்சக்கணக்கில் 'அஸ்திவாரம் பலப்படுத்தும்' வேலையைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

வங்கிக் கடனுக்கும் இதே எஸ்டிமேட்தான் அடிப்படை. கூடவே பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று கேட்பார்கள். வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றும் மற்ற பங்காளிகளின் சம்மதமும் முதலில் வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்.

மெட்ராஸ் டெரஸ் மாடி ஒழுகுகிறது. மேலே சிமென்ட் தளம் ஒன்று போட்டுவிட்டால் நின்றுவிடும் என்கிறார் கொத்தனார்.
– வாசகர், திருவல்லிக்கேணி

ஒரு கணக்குப் போடுவோம். 10க்கு 12 அடி அறைக்கு மேல் இரண்டு அங்குலக் கனத்தில் சிமென்ட் தளம் போட்டால் கூடும் எடை ஒரு டன்னுக்கு மேல். அதைத் தாங்குவது நூறு வருடத் தேக்குச் சட்டங்கள். மேலும், சிமென்ட் தளம் வெயிலில் விரிந்து சுருங்கி ஓரங்களில் பிளக்கும். அந்தப் பிளவில் இறங்கும் நீர் மேலே ஆவியாக வழியில்லாமல் கீழே உள்ள சுண்ணாம்பிலும் மரத்திலும் தங்கும். ஒழுகல் ஓரிரு மழைக்காலம் நின்றது போலத் தெரியும், அதற்குள் மரம் கெட்டுவிடும்.

இந்த மாடி எப்படி அமைந்தது என்று தெரிந்தால் பழுது எங்கே என்பதும் தெரியும். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கிய சுமார் மூன்று அங்குலத் தளம். அதற்கும் மேலே தட்டோடு. பெரும்பாலும் கெடுவது தட்டோட்டின் இணைப்புகளும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையும், தண்ணீர்க் குழாய் வாயும்தான். நடுத்தளம் நன்றாகவே இருக்கும்.

முதலில் அடைப்பை நீக்கி, வாட்டம் சரியா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். தட்டித் தட்டிக் கேட்டு, பொத்தென்று ஒலிக்கும் ஓடுகளை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பில் மீண்டும் பதியுங்கள். கைப்பிடிச் சுவர் மூலையில் சுண்ணாம்பால் சரிவாகக் கரை கட்டுங்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். செங்கலும் சேர்ந்து வரும், உள்ளே தங்கும் வேர் மறுபடி துளிர்க்கும். சுற்றியுள்ள காரையைக் கீறி வேர் முழுவதையும் எடுத்த பிறகு அடையுங்கள்.

உள்ளே வந்து, சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உலுத்துப்போவது பெரும்பாலும் முனைதான். கால் அங்குலத்துக்கு மேல் லகுவாக இறங்கினால் அந்தச் சட்டத்துக்கு அன்றே முட்டுக் கொடுத்துவிட்டு, விவரம் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். முனையை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கை ஒட்டுப்போடலாம், இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடலாம். முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டியது அரிது. திரும்ப வைக்கும்போது முனையைச் சுற்றிக் காரையைத் திணித்து அடைக்காமல் காற்றோட இடம் விடச் சொல்லுங்கள்.

சுவரில் தரையிலிருந்து நாலடி வரை ஓதம். உப்புப் பூத்துப் பெயின்ட் உரிகிறது. இரண்டு முறை சிமென்ட் பூசியும் வருகிறது, இப்போது இன்னும் மேலே ஏறியிருக்கிறது.
– வாசகி, ஜார்ஜ் டவுன்

சிமென்ட் பூசியதால்தான் மேலே ஏறியிருக்கிறது. சுவரில் ஏறும் ஈரம் வெளியே வர வழி தேடும். கீழே அடைத்தால் அடைப்பு முடியும் இடத்தில் வந்து பூக்கும். சிமென்ட்டுக்குப் பின்னால் உப்பு படிகமாகும்போது, மிருதுவான பழைய செங்கலின் முகம் தூளாக உதிர்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெருவில் போய்ப் பாருங்கள். பழைய தெருக்களில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, படியேறிப் போன திண்ணைகள் தெரு மட்டத்துக்கு வந்துவிட்டன. சாலையை நீங்கள் இறக்க முடியாது. ஆனால் உங்கள் எல்லைக்குள் சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தில் ஓர் அடி அகலத்தை உடைத்தெடுத்து ஜல்லி நிரப்பலாம். மாடித் தண்ணீர்க் குழாயைச் சுவரடியில் கொட்டவிடாமல் தள்ளி விடலாம்.

பிறகு ஓதக் கோட்டுக்கு மேலும் ஓர் அடி வரை சிமென்ட்டை உரித்து, பிப்ரவரி முதல் சுவரைத் திறந்தபடி காயவிடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி வாரி எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். ஜூலை, ஆகஸ்டில் சுண்ணாம்புக் காரை பூசலாம். அக்னி நட்சத்திர வெயிலிலும் ஐப்பசி மழையிலும் சுண்ணாம்பு வேலை வேண்டாம். மேலே வெறும் சுண்ணாம்பு அடியுங்கள், பிளாஸ்டிக் எமல்ஷன் கூடாது. முதல் பூச்சு உப்பை உறிஞ்சிச் சில வருடத்தில் உதிரலாம். உதிர்ந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, மறுபடி பூசுங்கள். துளை போட்டு ரசாயனம் ஏற்றும் முறையை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். ஒழுங்கற்ற சுண்ணாம்பு இணைப்புள்ள கனத்த சுவர்களில் அது சீராகப் பரவாது. அந்தக் காசுக்கு நல்ல சுண்ணாம்பு வாங்கலாம்.

என் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதாம். ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டுமா?
– வாசகர், ராயபுரம்

ஆணிக்கு வேண்டாம். 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை ஒட்டி, நீதிபதி பத்மநாபன் குழு தந்த 400க்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலும் சிஎம்டிஏ குழுவும் வந்தன. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிப்பது, கூட்டிக் கட்டுவது, முகப்பை மாற்றுவது எல்லாம் சிஎம்டிஏ குழுவின் பார்வைக்குப் போன பிறகே நடக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி பழுதுபார்ப்பதானாலும் முன்கூட்டியே ஒரு கடிதமும் படங்களும் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள்.

உங்கள் பக்கம் வேறொரு சிக்கல் உண்டு. பழைய நகரச் சுவரின் மிச்சம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இப்படிப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கும் அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 100 மீட்டருக்குள் இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் தடையின்மைச் சான்று வேண்டும். அதைக் கேட்கும்போது 1992 ஜூன் 16க்கு முன்பே வீடு இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்குப் பழைய சொத்து வரி ரசீது நல்ல சான்று, பரணில் தேடுங்கள்.

பழுதுச் செலவுக்கு வருமான வரியில் சலுகை உண்டா?
– வாசகர், சாந்தோம்

குடியிருக்கும் வீடானால், பழைய வரி முறையில் பழுதுக்கு வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய முறையில் அது இல்லை. வாடகைக்கு விட்டிருந்தால், நகராட்சி வரி போக மிச்ச வாடகையில் 30 சதவீதம், செலவழித்தாலும் இல்லாவிட்டாலும், கழியும்.

எங்கள் தேவாலயம் பழுதாகிவிட்டது. அதற்கும் உதவி இல்லையா?
– வாசகி, பெரம்பூர்

இதற்கு உண்டு. சொந்தக் கட்டடத்தில் பத்து ஆண்டாவது இயங்கும் தேவாலயங்களுக்குத் தமிழக அரசு சீரமைப்பு நிதி தருகிறது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை கூடும். வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது. கலெக்டர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விண்ணப்பம் வாங்கலாம். பணம் தவணையாக வரும் என்பதால் கூரை வேலையை முதல் தவணையில் வையுங்கள்.

"சுண்ணாம்பில் ஒரு சட்டி சிமென்ட் போட்டால்தான் பிடிக்கும்" என்கிறார் கொத்தனார். போடலாமா?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

போட வேண்டாம். அவர் கேட்பது வேகம். சிமென்ட் கலந்தால் மறுநாளே அடுத்த சுவருக்குப் போகலாம், சுண்ணாம்புக்குக் காத்திருக்க வேண்டும். வாரக் கூலி அல்லது சதுர அடிக் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பேசினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

100 சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில், சேதாரம் சேர்த்து, 5 கன அடி கலவை பிடிக்கும். சலித்த ஆற்று மணலோ கழுவிய எம்-சாண்டோ 5 கன அடி, ஊறிய சுண்ணாம்பு விழுது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கன அடி. விழுது மணலின் இடுக்குகளில் போய் அடங்குவதால் கலவை மணலின் அளவுக்கே வரும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் ஊறவிடுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டே யாரையும் விடாதீர்கள். சரியாக நீறாத கட்டி பூச்சுக்குள் போனால் பிறகு ஈரம் பட்டு உப்பி, காசளவு பொரியாகத் தெறித்துவிடும். ஆகவே விழுதையும் சலிக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும், நல்லதுதான். அதிகமானால் எறும்பு வரும். பூசிய பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பத்து நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தனார் மூன்றாம் நாளே சாக்கை எடுக்கப் பார்ப்பார், கடைசித் தவணைக் கூலியைப் பத்தாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.