ஓர்காவோடு நீந்தக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. சுதந்திரமாகத் திரியும் ஓர்கா திமிங்கிலங்களோடு ஒரு தடவையாவது நீந்திவிட வேண்டும் என்பது இருபது வருட ஆசை. இதற்காகவே இரண்டு வருடமாக நீச்சல் பழகுகிறேன். வட நார்வேயில், வரும் நவம்பரில், அதாவது இன்னும் ஒன்பது மாதத்தில் போக ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. படகிலேயே தங்கி ஐந்து நாள் கடலில் இருக்கும் பயணத்துக்கு, விமானம், விசா எல்லாம் சேர்த்து, என் கைக்கு வரும் சம்பளத்தில் ஆறு மாதத் தொகை ஆகும். கரையில் தங்கி ஒரே ஒரு நாள் மட்டும் கடலுக்குப் போய் வந்தால் நான்கு மாதச் சம்பளத்தில் முடிந்துவிடும். வீட்டுச் செலவு, ஓய்வுக்காலச் சேமிப்பு, மகளின் படிப்புக்கான சேமிப்பு எல்லாம் போக மாதம் சம்பளத்தில் கால் பங்கு மிஞ்சுகிறது. அவசரத்துக்கென்று மூன்று மாதச் சம்பளம் வங்கியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதச் சம்பளம் போனஸ். பயண நிறுவனமோ, "இரண்டே இடம்தான் மீதி, இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள்" என்கிறது. தனிநபர் கடன் வாங்கலாமா? அவசரப் பணத்தை எடுக்கலாமா? ஒரு நாள் பயணத்தோடு திருப்தி அடையலாமா? கணவர் இது தேவையில்லாத செலவு என்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது, "கடன் வாங்காதீர்கள், இப்போது வேண்டாம்" என்று நான்கு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக நீச்சல் பழகுகிறீர்கள் என்ற வரியை மறுபடி படித்ததும் அந்தப் பதில் போதாது என்று தோன்றியது. நீங்கள் ஏற்கெனவே இதற்காக உழைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஆகவே போகலாமா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எப்போது, எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு நாள் பயணம். மூன்று வழிகளில் இதுதான் மலிவு போலத் தெரிகிறது. உண்மையில் மிக அதிக விலை இதற்குத்தான். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது ஓர்காவை அல்ல, கடலில் இருக்கும் நாட்களை. ஓர்காவை யாராலும் விற்க முடியாது. ஒரு நாளுக்கு நான்கு மாதச் சம்பளம், ஐந்து நாளுக்கு ஆறு மாதச் சம்பளம் என்றால், பின்னதில் ஒரு நாளின் விலை ஒன்றேகால் மாதச் சம்பளத்துக்கும் குறைவு. விமானம், விசா, காப்பீடு, வழித் தங்கல் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். அவ்வளவு தூரம் போய்விட்ட பிறகு கூடுதலாகக் கொடுக்கும் இரண்டு மாதச் சம்பளம் உங்களுக்கு மேலும் நான்கு நாட்களைத் தருகிறது.

அந்த நான்கு நாட்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 70 டிகிரி வட அட்சரேகையை ஒட்டிய கடல் அது. சீசன் அக்டோபர் இறுதியில் தொடங்கி ஜனவரி வரை. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் மங்கலான நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். காற்று பலமாக அடித்தால் படகு கிளம்பாது. கிளம்பினாலும் ஓர்காக்கள் வேகமாக இடம் மாறிக்கொண்டிருந்தால் தண்ணீரில் இறங்குவதில் பயன் இல்லை. அவை ஹெர்ரிங் மீன் கூட்டத்தை வளைத்து, பந்துபோலத் திரட்டி, வாலால் அடித்து மயக்கித் தின்னும்போது ஒரே இடத்தில் நிற்கும். அந்த நேரத்துக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஐந்து நாளில் இரண்டு நாள் காற்றுக்குப் போனாலும் மூன்று நாள் மிஞ்சும். ஒரு நாள் பயணத்தில் அந்த ஒரு நாள் போனால் நான்கு மாதச் சம்பளமும் போனதுதான். கடலுக்குப் போய்விட்டு ஓர்காவைப் பார்க்காமல் திரும்பினால் பெரும்பாலான நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தருவதும் இல்லை. அதில் தவறும் இல்லை. கட்டாயம் காட்டுவேன் என்று உறுதி தருகிற நிறுவனத்திடம்தான் நான் எச்சரிக்கையாக இருப்பேன். அந்த உறுதியைக் காப்பாற்ற அவர்கள் விலங்குகளைத் துரத்த வேண்டியிருக்கும்.

மீன் எங்கே போகிறதோ ஓர்காவும் அங்கே. 1990களில் குளிர்கால ஹெர்ரிங் லோஃபோட்டன் தீவுகளுக்குக் கிழக்கே டீஸ்ஃபியோர்டு பகுதியில் குவிந்தது. பிறகு அங்கிருந்து விலகியது. சில வருடங்கள் ட்ரோம்சோ நகருக்கு அருகே வந்தது. 2017 முதல் இன்னும் வடக்கே, ஷெர்வோய், க்வேனாங்கென் பக்கம் நகர்ந்தது. இதைப் பணக் கணக்காகவும் பாருங்கள். கரையில் ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்குபவர், மீன் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். படகில் தங்குபவரின் தங்குமிடமே மீனைத் தேடி நகர்கிறது. கூடுதல் விலைக்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் விஷயத்தில் அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

"குளிர்க்கடல்தானே, வேறு நாடு பார்க்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். வாஷிங்டன் மாநிலத்திலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஓர்காக்களிடமிருந்து படகுகளே பல நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நியூசிலாந்திலும் அவற்றோடு நீந்தத் தடை. வட நார்வே அதனால்தான் இந்த ஆசைக்குத் தலைநகரம் போல ஆகியிருக்கிறது.

இனி கடன். ஐந்து நாள் பயணத்துக்கு, அதுவரை சேரும் பணம் போக மீதிக்கு, நான்கு மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை, ஆண்டுக்கு 14% வட்டியில், மூன்று வருடத் தவணையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் ஏறக்குறைய 0.92 மாதச் சம்பளம். மேலே பார்த்த கணக்கில் கடலில் கூடுதலாக ஒரு நாள் இருக்க அரை மாதச் சம்பளம். அப்படியானால் கடன் வட்டியாக நீங்கள் கொடுப்பது கடலில் கிட்டத்தட்ட இரண்டு நாள். அந்த இரண்டு நாளையும் நீங்கள் நீந்தப் போவதில்லை. தவணையோ ஓர்காவைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இப்படி ஒரு தொலைதூரப் பயணத்துக்குக் கடன் வாங்கினார். வானிலை கெட்டு, போன காரியம் நடக்கவில்லை. தவணை கட்டி முடியும்வரை அந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

அவசரப் பணத்தைத் தொட வேண்டாம். அது உங்கள் ஒருவருடைய பணம் அல்ல, மகளுடையதும்கூட. மூன்று மாதச் சம்பளம் என்பதே குறைந்தபட்சம்தான். தவிர, பனிக்கால விமானம் ரத்தாகி வழியில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டால் கைகொடுக்க வேண்டியதும் அதே பணம்தான்.

ஆகவே வரும் நவம்பரை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த நவம்பருக்குப் போங்கள். இன்னும் 21 மாதம் இருக்கிறது. மாதம் கால் பங்கு என்றால் ஐந்தேகால் மாதச் சம்பளம் சேரும். இரண்டு போனஸிலும் பாதிப் பாதி எடுத்துவைத்தால் இன்னும் ஒன்று. மொத்தம் ஆறேகால். தேவை ஆறு. ஆனால் நார்வே குரோனரின் மதிப்பு ஏறி இறங்கும். விமானக் கட்டணமும் அப்படியே. பத்து சதவீதம் கூடுதலாக வைத்தால் 6.6 வேண்டும். பற்றாக்குறை 0.35. இதை 21 மாதத்தில் பரப்பினால் மாதம் சம்பளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியே இதில் ஒரு பகுதியை அடைத்துவிடும். இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். தேதி குறித்த செலவுக்கான பணம் சந்தை விழும் வருடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தனிக் கணக்கில், சம்பளம் வரும் அன்றே தானாகப் போய்ச் சேரும் தொடர் வைப்பு போதும்.

பணம் வெளியே போகும் வரிசையையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படகுப் பயணங்களுக்குப் பொதுவாகப் பதிவின்போது ஒரு பங்கும், கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு மீதியும் கட்டச் சொல்வார்கள். பதினெட்டாவது மாதம் உங்களிடம் நான்கரையும் போனஸ் பங்கு ஒன்றும் சேர்ந்து ஐந்தரை இருக்கும். (இரண்டாவது போனஸ் அதற்குப் பிறகுதான் வரும் என்றால் ஐந்து.) படகின் மீதித் தொகைக்கும் விமானச் சீட்டுக்கும் அது போதும். கையில் வைத்துக்கொள்ளும் செலவுப் பணம் கடைசி மூன்று மாதத்தில் சேரும்.

நிறுவனம் சொல்லும் "இரண்டே இடம்" உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் இந்த வாரம் பணம் கட்டாதீர்கள். அடுத்த வருடத்துக்கான இடத்தைப் பற்றிக் கேட்டு, சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். நான் ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும்? நீங்கள் ரத்து செய்தால்? கடலில் நீந்துவது பற்றிய நார்வே அரசின் விதி மாறி, தண்ணீரில் இறங்க அனுமதி இல்லாமல் போனால்? ஒரு நீச்சல் வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ட்ரை சூட் (தண்ணீர் உள்ளே புகாத நீச்சல் உடை) வாடகை விலையில் அடக்கமா? கடைசியாக, இது தொகுப்புப் பயணமாக, அதாவது படகு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரே விலையில், விற்கப்படுகிறதா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஐரோப்பியத் தொகுப்புப் பயண விதிகள் நார்வேக்கும் பொருந்தும். அப்படி விற்கும் நிறுவனம் திவாலானால் பயணியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும்; நார்வேயில் இதற்கென்றே பயண உத்தரவாத நிதியம் இருக்கிறது. படகுக்குத் தனியாக, அறைக்குத் தனியாக, வேறு வேறு பேரிடம் நீங்களே பணம் கட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

காப்பீட்டில் மட்டும் ஒரு காசும் குறைக்காதீர்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. விசா தேவைப்படும் கடவுச்சீட்டு என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆனால் விசாவுக்காக வாங்கும் மலிவான காப்பீடு, திறந்த கடலில் காட்டு விலங்குகளுக்கு அருகே நீந்துவதைச் சாகச விளையாட்டு என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம். "குளிர்க்கடலில் ஸ்நோர்கெல் நீச்சல்" (மூச்சுக்குழாயும் கண்ணாடியும் போட்டு நீர்மட்டத்தில் நீந்துவது) இதில் அடங்குமா என்று கேட்டு எழுத்துப்பூர்வமான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் பெரிய மருத்துவமனை ட்ரோம்சோவில் இருக்கிறது. ஷெர்வோயிலிருந்து சாலையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஹெலிகாப்டரில் கொண்டுபோக வேண்டிவந்தால் அதுவும் காப்பீட்டில் இருக்க வேண்டும்.

காட்டு ஓர்கா மனிதரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. ஆபத்து குளிரில்தான் இருக்கிறது. தண்ணீர் ஐந்து டிகிரியை ஒட்டி இருக்கும். உடம்பில் படும் முதல் ஓரிரு நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பணம் கட்டிய பிறகு "கூடாது" என்று தெரிவது உடம்புக்கும் பணத்துக்கும் நல்லதல்ல. அடுத்த 21 மாதத்தில் ட்ரை சூட் போட்டு நீந்தும் பயிற்சி இரண்டு மூன்று தடவையாவது எடுத்துவிடுங்கள். அந்த உடையில் காற்று நிற்கும், கால் மேலே தூக்கும், திரும்புவதே வேறு மாதிரி இருக்கும். அதை முதன்முதலாக நார்வேயில் கற்றுக்கொண்டால், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ஐந்து நாளில் ஒரு நாள் அதற்கே போய்விடும்.

பயணத் தேதியில் இரண்டு யோசனை. நவம்பர் முதல் பாதியைத் தேர்ந்தெடுங்கள், வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும். படகு கிளம்பும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். நார்வேயில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கார்டுதான். கார்டு இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டலாமா என்று கேட்டால் குரோனரையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மோசமான மாற்று விகிதத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பீர்கள்.

உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். கடன் இல்லை, மகளின் படிப்புப் பணத்தில் கை வைக்கவில்லை, அவசரப் பணம் அப்படியே இருக்கிறது என்று தாளில் பார்த்த பிறகும் அவர் தேவையில்லாத செலவு என்று சொல்லலாம். அது அவர் கருத்து. ஆனால் பயம் பணத்தைப் பற்றியதா, அந்தக் குளிர்க்கடலில் நீங்கள் இறங்குவதைப் பற்றியதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே வாங்கிவிடலாம். முகத்தில் அழுத்திவைத்தால் தண்ணீர் கசியாமல் ஒட்டி நிற்கும் ஸ்நோர்கெல் கண்ணாடி. வாடகைக் கண்ணாடி எல்லோருக்கும் பொருந்தாது. பழகும் குளத்தில் இன்றிலிருந்தே அதைப் போட்டு நீந்துங்கள்.