அப்பாவின் ஓட்டு மாறுமா?

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். பட்ஜெட் கணக்கு, ஊழல் செய்தி, பேப்பர் கட்டிங் என்று எவ்வளவோ காட்டிவிட்டேன். "நாலு எழுத்து படிச்சிட்டா எனக்கே பாடம் எடுப்பியா?" என்கிறார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. விவரம் தெரிந்தால் மக்கள் மாறிவிடுவார்கள்தானே?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரி,

மாறுவதுண்டு. ஆனால் எந்த விவரம் என்பதைப் பொறுத்தது அது.

பிரேசிலில் 2003-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நகராட்சிகளுக்குக் கொடுத்த பணம் என்ன ஆனது என்று தணிக்கை செய்ய, ஊர்களைப் பகிரங்கமாகக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தணிக்கைக் குழு ஊருக்கே போய் பில்களைப் பார்த்தது, கட்டியதாகச் சொன்ன கட்டடம் இருக்கிறதா என்று பார்த்தது, ஜனங்களிடம் விசாரித்தது. அறிக்கை வெளியே வந்தது. 2004-ல் மேயர் தேர்தல். சில ஊர்களுக்கு அறிக்கை தேர்தலுக்கு முன்பே கிடைத்திருந்தது, சில ஊர்களுக்குப் பின்னால்தான். கிளாடியோ ஃபெராஸ், ஃபிரெடெரிகோ ஃபினான் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இவற்றை ஒப்பிட்டார்கள். முறைகேடு முன்பே அம்பலமான ஊர்களில் மேயர்கள் மறுபடி ஜெயிப்பது குறைந்திருந்தது. உள்ளூர் ரேடியோ இருந்த ஊர்களில் அடி இன்னும் பலமாக விழுந்தது. ரேடியோ இருந்த ஊர்களில் கை சுத்தமான மேயர்களுக்கு அறிக்கை ஆதாயமாகவும் இருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. கொஞ்சம் தின்பார்கள் என்று அந்த ஜனங்கள் ஏற்கெனவே நினைத்துத்தான் இருந்தார்கள். நினைத்ததைவிட அதிகம் என்று தெரிந்த இடத்தில்தான் ஓட்டு நகர்ந்தது.

உங்கள் அப்பாவை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் காட்டும் கட்டிங்கில் இருப்பதை அவர் என்றைக்கோ கணக்கில் சேர்த்துவிட்டிருப்பார். வேலை, சம்பளம், பிள்ளைகள் படிப்பு என்று அந்தக் கட்சியால் தனக்கு வந்ததாக அவர் நம்பும் ஏதோ ஒன்று மறுபக்கம் இருக்கலாம். அதுவும் விவரம்தான், பட்டுத் தெரிந்த விவரம். அதை ஒன்றுமில்லை என்று தள்ளினால், மகள் தன்னை விவரமில்லாதவன் என்கிறாள் என்றுதான் அவர் காதில் விழும். அந்த "நாலு எழுத்து" கோபம் அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

துண்டுச்சீட்டு மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. பெனின், பிரேசில், புர்கினா பாசோ, மெக்சிகோ, உகாண்டா நாடுகளில் ஆட்சியில் இருப்பவர்களின் செயல்பாட்டை ஆய்வாளர்கள் வாக்காளர்களிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். 2019-ல் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தத்தில் ஓட்டு அசையவே இல்லை. மெக்சிகோவில் அதற்கு முன் நடந்த ஓர் ஆய்வில், ஊழல் விவரம் படித்த சிலர் ஓட்டுப் போடப் போவதையே விட்டுவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான். ஆனால் 2008-ல் டெல்லி குடிசைப் பகுதிகளில், எம்.எல்.ஏ.க்களின் வேலையைப் பக்கத்துத் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பேப்பரில் கொடுத்தபோது ஓட்டுப்பதிவு கூடியது. ஒழுங்காக வேலை செய்தவருக்குக் கூடுதல் ஓட்டும் கிடைத்தது. தன் தொகுதி, தன் ஆள், பக்கத்தில் ஒப்பிட இன்னொருவர். இப்படி வந்தால் ஏறுகிறது.

அதனால் கட்சியை விடுங்கள், வேட்பாளரைப் பேசுங்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் பயனாக, வேட்பாளர்கள் வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் அது கிடைக்கும். அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதிக்காரர்களுடையதை பிரிண்ட் எடுத்து வாருங்கள். அப்பாவுக்குப் பிடித்தவருடையதை நீங்கள் படியுங்கள், உங்களுக்குப் பிடித்தவருடையதை அப்பா படிக்கட்டும். இரண்டாவதில் வழக்குகள் நிறைய இருந்தால் என்ன சொல்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். விவரம் தெரிந்தால் அவர் உங்கள் பக்கம் வருவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எல்லாம் தெரிந்தும் அவர் அதே சின்னத்தில் நிற்கலாம், அது அவர் உரிமை.

தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தச் சின்னத்துக்கு முதன்முதலில் ஏன் ஓட்டுப் போட்டார் என்று இந்த வாரமே அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.